முதுகுத் தழும்புகளுக்கு ஒரு சான்றிதழ்

என் மகனுடைய முதுகில் முப்பத்தைந்து தழும்புகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரிவித்தவர் இங்கிலாந்து ராணுவத்தின் மருத்துவர். பெற்ற தகப்பனுக்கு இதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்?

எழிலன் சிவில் இன்ஜினியர். பினாங்கில் இரண்டு வருஷம் சாலை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். ராணுவத்தில் பொறியாளர் அதிகாரி ஆகவேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்து அவனைப் பிடித்து ஆட்டுகிற ஆசை. நம் ராணுவத்துக்கு ஒருமுறை போனான், தேர்வின் கடைசி நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறைக்குள் வயது தாண்டிவிட்டது. காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் இங்கிலாந்து ராணுவத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு அதில் இறங்கினான். வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு இப்போது அவனுக்கே சல்யூட் அடிக்கப் போகிறானாம் என்று தெருவில் பேசாத ஆள் இல்லை. நானும் பேசினேன். ஆற்றின் குறுக்கே ஒரே நாளில் பாலம் போடுகிற கூட்டம் அது என்று அவன் சொன்ன பிறகுதான் வாயை மூடினேன். நெடுஞ்சாலைத் துறையில் நான் பார்த்த பாலங்களுக்கு டெண்டர் திறக்கவே ஒரு வருஷம் ஆகும்.

படிவத்தைத் திருச்சியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் கம்ப்யூட்டரில் நிரப்பினான். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷம் படிவம் படித்தே பென்ஷன் வாங்கியவன், சும்மா இருக்க முடியுமா? உடம்பில் தழும்பு, துளை, அறுவை அடையாளம் ஏதாவது உண்டா என்று ஒரு கட்டம் வந்தது. "இல்லைன்னு போடு" என்றேன். போட்டான்.

போட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் கோயில் வாசலை மிதிக்காதவன். கல்யாணத்தைக்கூட மந்திரம் இல்லாமல் மைக் வைத்து நடத்திக்கொண்டவன். அப்படிப்பட்ட என் பிள்ளை பினாங்கில் தைப்பூசத்துக்கு முதுகில் கொக்கி மாட்டிக்கொண்டு அலகுக் காவடி தூக்கியிருக்கிறான். ஒருவரையும் படம் எடுக்க விடவில்லையாம். யாராவது இணையத்தில் போட்டு, அது என் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

இங்கிலாந்தில் மருத்துவச் சோதனைக்குச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முதுகில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். மருத்துவர் இரண்டு கேள்வி கேட்டார். இவை எப்படி வந்தன? படிவத்தில் ஏன் சொல்லவில்லை? முதல் கேள்விக்கு உண்மையைச் சொன்னான். இரண்டாவதற்கு "மறந்துவிட்டேன்" என்றான், மடையன். முப்பத்தைந்து ஓட்டையை எவனாவது மறப்பானா? தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற ஆளோ, பொய் சொல்கிற ஆளோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பத்து வேலை நாளுக்குள் இரண்டு கேள்விக்கும் எழுத்தில் ஆதாரம் வரவேண்டும். வந்தால் தேர்வுக் குழுவின் முன்னால் போகலாம், வராவிட்டால் மூட்டை கட்டலாம்.

இத்தனையையும் அவன் போனில் சொல்லி முடித்ததும், "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் என் மனைவி மல்லிகா, தோசையைத் திருப்பிக்கொண்டே. அன்று எனக்குத் தோசை இறங்கவில்லை.

அலகு குத்தியவர் பெயர் குணசேகரன். தான் குத்துகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள் எழுதி வைக்கிற வழக்கம் அவருக்கு உண்டாம். எழிலனின் தாளைத் தேடுவதாக போனில் சொன்னார். நாலு நாளும் அதையே சொன்னார். தேடுகிறேன் என்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நானே அப்படிச் சொல்லி எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். ஐந்தாம் நாள், புதன்கிழமை, நான் பினாங்கில் இறங்கிவிட்டேன். என் பிள்ளை முதுகில் கொக்கி மாட்டிய ஆளை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. மறைப்பானேன்?

விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றி வந்த காரோட்டி தமிழர். "அங்கிள் ஊர்லேருந்தா? சுத்திப் பார்க்கவா, சாமி கும்பிடவா?" என்று கேட்டார்.

"சண்டை போட."

"அப்ப சாப்பிட்டுட்டுப் போங்க லா. பசியோட சண்டை போட்டா தோத்துருவீங்க" என்று ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் என்கிற சோறும் குழம்பும் விற்கும் கடை வாசலில் இறக்கிவிட்டார்.

கடைக்காரரின் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கமாம். "வாங்க அண்ணே, பஞ்ஜிர் வெக்கட்டுமா?" என்றார். பஞ்ஜிர் என்றால் மலாயில் வெள்ளம். வெள்ளம்தான் வந்தது. ஆட்டுக் குழம்பு, மீன் குழம்பு, கோழிக் குழம்பு எல்லாவற்றையும் ஒரே சோற்றின் மேல் ஊற்றினார். எங்கள் வீட்டில் சாம்பாரோடு வத்தக்குழம்பு ஒரு சொட்டு கலந்தால் நான் தட்டைத் தள்ளிவிடுவேன். இங்கே இரண்டாவது தட்டும் வாங்கினேன். மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். இருபத்தி நாலு வெள்ளி கொடுத்துவிட்டு, சண்டைக்கு வேண்டிய தெம்போடு குணசேகரன் வீடு இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் படகு ஏறினேன்.

பெரிய மீசையும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். கதவைத் திறந்தவர் சட்டைப்பையில் இரண்டு பேனா, கழுத்தில் கம்பெனி அட்டை. பாயான் லெப்பாஸில் சிப் தயாரிக்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார்.

"உன் மேல போலீஸ்ல புகார் குடுக்கணும்யா" என்று ஆரம்பித்தேன்.

"குடுங்க ஐயா. மொதல்ல தே குடிங்க" என்றார் குணா. மரியாதைக்கு ஒரு வாய் குடித்தேன். அந்தத் தேநீரில் பால் இல்லை, டின் பாலின் இனிப்பு மட்டும் தூக்கலாக இருந்தது.

பிறகு ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வேறு யாருடையதோ. முதுகின் படம் வரைந்து, ஏ, பி, சி, டி என்று நாலு வரிசை, வரிசைக்கு ஒன்பது இடம், மொத்தம் முப்பத்தாறு. கொக்கியின் கனம், எத்தனை நிமிஷம் கொதிக்க வைத்தது, எத்தனை மணிக்குக் குத்தியது, எத்தனை மணிக்கு எடுத்தது, மூன்றாம் நாள் புண் எப்படி, ஏழாம் நாள் எப்படி. கீழே கையெழுத்து. என் உத்தியோக காலத்தில் எந்தச் சாலைக்கும் இப்படி ஒரு ஆய்வறிக்கை நான் பார்த்ததில்லை.

"கிலாங்ல நம்பர் இல்லாத பொருள் வெளிய போகாது ஐயா" என்றார். தொழிற்சாலையை அவர்கள் கிலாங் என்கிறார்கள். "சாமி காரியத்துக்கு மட்டும் நம்பர் இல்லாம செய்யலாமா?"

எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எழிலன் தாள் எங்க?"

"அதான் ஐயா சுசாவா, கஷ்டமா இருக்கு. பேர் வரிசையில பார்த்தேன், வருஷத்துக் கட்டுல பார்த்தேன், காணோம். பாதிக் கட்டு பாலிக் புலாவ்ல என் மச்சான் வீட்ல இருக்கு. காவடிச் சட்டம், கொக்கி எல்லாம் அங்கதான். ஞாயித்துக்கிழமை லீவு, போய்ப் பார்க்கறேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்க உக்காந்து உன் தேயைக் குடிச்சுக்கிட்டு இருக்கவா? நாளைக்கு நான் போறேன்."

மறுநாள் பாலிக் புலாவுக்குப் பேருந்து ஏறினேன். தீவின் அந்தப் பக்கம் முழுக்க டுரியான், ஜாதிக்காய்த் தோப்புகள். பத்து வெள்ளித் தாளை நீட்டினேன். ஓட்டுநர் பெட்டியைக் காட்டினார், அதில் போடு என்று. போட்டேன். மீதிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற சீன அம்மா சிரித்துக்கொண்டே, "இங்கே மீதி கிடையாது, சரியான சில்லறை போட வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நம் ஊர் நடத்துநர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதியாவது கொடுப்பார். இங்கே கெஞ்சுவதற்குக்கூட ஆள் இல்லை.

அந்தக் கடுப்பில் மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். இறங்கியதும் மழை. நம் ஊர் மழை இரண்டு தூறல் போட்டுத் தகவல் சொல்லும். இது வாளியைக் கவிழ்த்தது. ஜாதிக்காய் ஊறுகாய் விற்கிற ஒரு கொட்டகைக்குள் ஒண்டிக்கொண்டு, அவர்கள் கொடுத்த ஜாதிக்காய்ச் சாறு குடித்தேன். கடைசியில் டுரியான் ஏற்ற வந்த ஒரு லாரிக்காரர் என்னை முன்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் மச்சான் வீட்டு வாசலிலேயே விட்டார். டுரியான் வாசனை என் சட்டையை விட்டுப் போக மூன்று நாள் ஆயிற்று.

மச்சான் பெயர் ரவி. குணாவின் மனைவிக்குத் தம்பி, முப்பத்தைந்து வயது இருக்கும். வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். நான் யார் என்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

"எழிலன் அப்பாவா? ஐயா, உள்ள வாங்க. பசியாறிட்டீங்களா?"

காலைச் சாப்பாட்டை அங்கே பசியாறுவது என்பார்கள். ஊரிலும் இந்தச் சொல் இருந்தது, நாம்தான் டிபன் என்று மாற்றிக்கொண்டோம். ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் வந்தன. தின்றபடியே பின்கட்டுக் கொட்டகையில் கட்டுகளைப் பிரித்தேன். உத்தரத்தில் அலுமினியக் காவடிச் சட்டங்கள் தொங்கின. ஒவ்வொரு கட்டாக, ஒவ்வொரு தாளாக, மத்தியானம் வரை புரட்டினேன். எந்தத் தாளின் தலைப்பிலும் எழிலன் என்ற பெயர் இல்லை. வெள்ளிக்கிழமையும் அடுத்த வாரமும்தான் மிச்சம்.

கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டுமே. "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க தம்பி. இவனுக்கு என்ன குறைன்னு இந்த வேலை பார்த்தான்? எதுக்கு நேர்ந்துக்கிட்டான்?" என்றேன்.

"அவரு எங்க நேர்ந்துக்கிட்டாரு? நேர்ந்துக்கிட்டது நான்" என்றார் ரவி.

ரவி அப்போது சாலை வேலையில் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். எழிலன்தான் மேற்பார்வை. மலையடிவாரத்தில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அன்னிக்கு மழை லா ஐயா, இன்னிக்கு மாதிரியே. நாங்க ஆறு பேரு கீழ இருந்தோம். மண்ணு அப்படியே இறங்கிருச்சு. எனக்கு இடுப்பு வரைக்கும் மண்ணு, கால் மேல குழாய். மேல ஒருத்தரு மிஷினை வெச்சு அள்ளுங்கன்னு கத்துறாரு. எழிலன் மிஷினு முன்னாடி வந்து நின்னுட்டாரு. மிஷின் வந்தா அந்தப் பக்கச் சுவரும் விழுந்துரும்னாரு. பலகையைக் கொண்டாந்து ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்துட்டு, அவரே குதிச்சு, கையால தோண்டுனாரு. நாலு மணி நேரம். பொம்பா வரும்போது அஞ்சு பேரு மேல ஏறிட்டாங்க, நான் மட்டும்தான் பாக்கி."

பொம்பா என்றால் தீயணைப்புப் படை. முட்டுக் கொடுக்காமல் அள்ளியிருந்தால் இரண்டாவது சரிவு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்யத் தெரிந்தும் செய்யாத இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

"உள்ள கெடக்கும்போது முருகா, வெளிய வந்தா முப்பத்தாறு அலகு குத்திக் காவடி எடுக்கறேன்னு நேர்ந்துட்டேன். வந்துட்டேன். ஆனா கால் போச்சு. இனி கனம் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல ஐயா, சாமிக்குப் பொய் சொல்லிட்டமேன்னு அழுவேன். பார்க்க வந்த எழிலன், அதுக்கென்ன நான் தூக்கறேன்னாரு. உங்களுக்குத்தான் சாமி இல்லையேன்னேன். சாமி இல்ல, ஆனா நீ இருக்கியேன்னாரு. நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, சாமி கெடையாதுன்னு சொல்லிக்கிட்டேதான் தண்ணீர்மலை படி ஏறுனாரு."

அந்த நாற்பத்தெட்டு நாளும் நான் போனில் கோழி சாப்பிட்டியாடா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. எனக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. நாலு மணி நேரம் மண்ணுக்குள் கிடந்து ஆறு பேரைக் காப்பாற்றியதைக்கூட அவன் என்னிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டி வரும்.

சட்டென்று எனக்குள் இருந்த பழைய ஆபீஸ்காரன் விழித்துக்கொண்டான். கோப்பு தொலையாது. வேறு பெயரில் இருக்கும்.

"குணா தாளை யார் பேர்ல வைப்பாரு? தூக்குறவர் பேர்லயா, நேர்ந்துக்கிட்டவர் பேர்லயா?"

ரவி யோசித்தார். "நேர்த்திக்கடன் யாருதோ அவங்க பேர்லதான் லா."

ரகர வரிசையில் மூன்றாவது தாள். மேலே ரவிச்சந்திரன் என்று பெயர். அதற்குக் கீழே, தூக்குபவர்: எழிலன். முதுகின் படம், நாலு வரிசை, முப்பத்தாறு வட்டம். அதில் சி வரிசையில் ஏழாவது வட்டத்தை அடித்து, பக்கத்தில் குணா எழுதியிருந்தார்: இங்கே மச்சம், குத்தவில்லை. ஆக மொத்தம் முப்பத்தைந்து.

அந்த மச்சத்தை எனக்குத் தெரியும். இரண்டு வயதில் அவனைக் குளிப்பாட்டும்போது அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்து அவனை அழவைத்தவன் நான். போனில் எழிலன் அனுப்பியிருந்த முதுகுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரிசை, ஏழாவது இடம். தழும்பு இல்லை, மச்சம் இருந்தது. அந்தக் கொட்டகைக்குள் நான் ரவியைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன், அவர் காலை மறந்து.

வெள்ளிக்கிழமை குணா அரை நாள் லீவு போட்டார். ஜார்ஜ் டவுனில் ஒரு கிளினிக்கில் தமிழ் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் தாளைப் பார்த்தார், எழிலனின் முதுகுப் படத்தைப் பார்த்தார், குணாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். குணாவும் வருஷா வருஷம் குத்திக்கொள்கிறவர். அதே வரிசை, அதே இடைவெளி. அளவுகோலை வைத்து அளந்தார். "இவ்ளோ சுத்தமா எழுதுன பேஷண்ட் ரெக்கார்டு எங்க கிளினிக்லயே இல்ல அண்ணே" என்றார். குணா அதைக் கேட்டுவிட்டுச் சட்டை போடவே மறந்துவிட்டார். சமயச் சடங்கால் வந்த பழைய தழும்புகள், பினாங்கில் இது வழக்கம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதன் அடையாளம் எதுவும் இல்லை என்று டாக்டரம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு என்ன செய்வது? அதற்கான பதில் என்னிடம்தான் இருந்தது.

நாசி கண்டார் கடையில் ஒரு மூலை மேசையைப் பிடித்துக்கொண்டு எழிலனைக் கூப்பிட்டேன். "மறந்துட்டேன்னு சொன்னது பொய்தானே?"

"அப்பா, அத விடுங்க. தழும்புக்கு ஆதாரம் கெடச்சாச்சுல்ல, அது போதும்."

"அவங்க தழும்பைப் பார்த்து பயப்படலடா. நாளைக்கு ஒரு பாலத்துல விரிசல் இருந்தா இவன் சொல்லுவானா, மறைப்பானான்னு பார்க்கறாங்க. மறக்கல, மறைச்சேன்னு நீயே எழுது. ஏன் மறைச்சேன்னு நான் எழுதறேன்."

"உங்களை ஏம்ப்பா இதுல இழுக்கணும்?"

"இழுக்கறது என்ன, நான் பக்கத்துலயேதானேடா உக்காந்திருந்தேன்."

"சரிப்பா, எழுதறேன்" என்றான்.

எனக்குத் தெரிந்த அரசாங்க இங்கிலீஷில் எழுதினேன். படிவம் நிரப்பும்போது நான் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று போடச் சொன்னது நான். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, என் வீட்டில் என் கோபம்தான் சட்டமாக இருந்தது, அதற்குப் பயந்து மறைத்தான். பிறகு மறந்துவிட்டேன் என்று சொன்னதும் என்னைக் காப்பாற்றத்தான். இரண்டும் தவறு, அந்தத் தவறில் என் பங்கும் உண்டு. அவன் காவடி தூக்கியது கால் போன ஒரு தொழிலாளியின் பொருட்டு. அந்தத் தொழிலாளியின் வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டபோது என் வாழ்க்கையில் எழுதிய எந்த அறிக்கையும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை என்று தோன்றியது. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா அண்ணே, வழக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லி ஒரு தே வாங்கிக்கொண்டேன். எல்லாத் தாளையும், ரவி முதல் நாளே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தையும், அன்றைக்கே படம் எடுத்து அனுப்பினோம். மூலப் பிரதிகள் கூரியரில் போயின.

திங்கள் பதில் இல்லை. செவ்வாய் இல்லை. கிளான் ஜெட்டியில் மரக்கால் மேல் நிற்கிற வீடுகளின் அடித்தாங்கலைக் குனிந்து குனிந்து பார்த்தேன். கோட்டைச் சுவரில் நீர் வடிகிறதா என்று பார்த்தேன். பச்சை நூடுல்ஸ் போட்ட செண்டோல் குடித்தேன். ஒன்றிலும் மனசு ஒட்டவில்லை. புதன்கிழமை மத்தியானம் எழிலன் அழைத்தான். மருத்துவத் தடை நீங்கிவிட்டது, அடுத்த வாரம் தேர்வுக் குழு. நான் அறையில் தனியாகக் கை தட்டினேன்.

உடனே ஊர் திரும்பியிருக்கலாம். ரவி விடவில்லை. "சீசன் நேரத்துல டுரியான் சாப்பிடாம போனா நாங்க என்னா ஆளு ஐயா?" என்று தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் விழுந்த பழத்தைப் பொறுக்க நானே முதலில் போனேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை குணா தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கிளம்பினார், நாங்களும் போனோம். ஐந்நூற்றுச் சொச்சம் படி. குணா ஏறிப் போனார். ரவிக்குக் கால், எனக்குக் கொள்கை. இரண்டு பேரும் அடிவாரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம். அப்போது போன் அடித்தது.

"அப்பா, எடுத்துட்டாங்க. பொறியாளர் பிரிவு. பயிற்சி முடிஞ்சதும் அதிகாரி."

எழுந்து நின்றேன். "என்ன கேட்டாங்க?" என்றேன்.

"பள்ளத்தைப் பத்திதான்பா பாதி நேரம் கேட்டாங்க. மிஷினை ஏன் நிறுத்தினேன்னு. பலகையை எப்படி முட்டுக் குடுத்தேன்னு படம் வரையச் சொன்னாங்க. அப்புறம் உங்க கடிதத்தைக் காட்டி, இந்த மாதிரி அப்பாவோட வளர்ந்தது கஷ்டமான்னு ஒருத்தர் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாம்னு சொன்னேன்பா. உண்மையைத்தானே சொல்லணும்."

சிரித்தேன். சிரிப்பு அடங்கவே இல்லை. படியிறங்கி வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, என் மகன் ராணுவத்தில் இன்ஜினியர் அதிகாரி ஆகப் போகிறான் என்று சொன்னேன். ஒரு சீனப் பெரியவர் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். ரவி அழுதுகொண்டிருந்தார். அழுகை நின்ற பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்.

"ஐயா, ஒரு விஷயம். அவரு பாஸானா பால்குடம் எடுக்கறேன்னு நான் நேர்ந்துட்டேன்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"அவசரத்துல காலு ஞாபகம் வரல ஐயா."

நான் படிகளை அண்ணாந்து பார்த்தேன். அறுபத்தொரு வருஷமாக ஒரு கோயிலிலும் கால் வைக்காதவன். ரவி கடலைத் தோலைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குடம் எத்தனை கிலோ இருக்கும்?" என்றேன்.

மூன்று நாளாவது கவிச்சி தொடக் கூடாது என்று குணா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளும் நாசி கண்டார் கடை இருக்கும் தெருப் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மஞ்சள் வேட்டி கொடுத்தார்கள், வேண்டாம் என்று என் வெள்ளை வேட்டியையே கட்டிக்கொண்டேன். குடத்தைத் தலையில் வைத்ததும் கழுத்து கொஞ்சம் உள்ளே போயிற்று. நூறாவது படியில் மூச்சு வாங்கியது. இருநூறாவது படியில் முழங்கால் பேசியது. குணா பக்கத்திலேயே வந்தார், கையில் ஒரு தாளோடு. எத்தனை மணிக்கு ஆரம்பித்தேன், எங்கே நின்றேன், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வந்தார். உச்சியில் குடத்தை இறக்கியபோது ஒரு சொட்டு சிந்தியிருக்கவில்லை. யார் பெயருக்கு என்று அர்ச்சகர் கேட்டார். ரவிச்சந்திரன் என்றேன்.

குணா எடுத்த படம் நான் கீழே இறங்குவதற்குள் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. எழிலன் உடனே போனில் கூப்பிட்டான்.

"அப்பா, இது நீங்கதானா?"

"நான்தான். இனி எந்தப் படிவத்துல கேட்டாலும் மறைக்காம எழுது."